ஃபெர்ரி ஓடாத நாளில் ஒரு கல்யாணம்

— கண்ணை மூடினா குமட்டல் கூடும், பாஸ்டர். தூரத்துல தெரியுற மலையைப் பாருங்க.

— எங்கம்மா மலை? அலைதான் மலை மாதிரி வருது! ஃபெர்ரியே இன்னிக்கு ஓடலை. இந்தப் பழைய பிளாஸ்டிக் படகை நம்பி ஏறினேன் பாருங்க!

— பிளாஸ்டிக்கா? கண்ணாடியிழை! எழுபத்திரெண்டுல செஞ்சது. அப்போ எவ்வளவு தடிமன் போதும்னு எவனுக்கும் தெரியாது. பயந்துபோய் அடுக்கு மேல அடுக்கா பூசித் தள்ளிட்டானுங்க. அவனுங்க பயம்தான் நம்ம தைரியம். அப்புறம், அம்மான்னு கூப்பிடாதீங்க. எனக்கு அம்பத்தாறுதான்.

— சரிக்கா... ஐயோ, சாயுதே! கர்த்தாவே, கவுந்தோம்!

— இவ கவுழ மாட்டா. அடியில ஒன்றரை டன் ஈயம் கிடக்கு. பாத்தீங்களா, எந்திரிச்சிட்டா! புதுப் படகெல்லாம் தாம்பாளம் மாதிரி அகலம், அலைக்கு அலை பொத்துனு அறையும். இவ ஒல்லி. கிழிச்சுக்கிட்டுப் போவா.

— அந்தக் கிறீச் சத்தம்?

— உள்ள மர அலமாரி. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பி பழசானாத்தான் ஆபத்து. போன குளிர்காலம் எல்லாத்தையும் மாத்திட்டேன்.

— உள்ள வச்ச என் அங்கி நனையாதே?

— ஜன்னல் ஒழுகும். அதான் அங்கியை மீன் பெட்டியில போட்டு மூடிட்டேன்.

— மீன் பெட்டியிலயா!

— கழுவின பெட்டிதான்.

— நாளைக்குக் கல்யாணம் வச்சா என்ன கேடு?

— ரெண்டு தரம் தள்ளிப்போச்சு, பாஸ்டர். முதல்ல மாப்பிள்ளை ஆஸ்முண்ட் காலை ஒடிச்சுக்கிட்டான். அடுத்தது, பழைய பாஸ்டர் மாத்தலாகிப் போயிட்டாரு. இன்னிக்கு ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் காலையிலருந்து அடுப்புல வேகுது.

— என்னைக் கூட்டிட்டு வர, தீவுல வேற ஆளே இல்லையா?

— இருக்காங்க. எல்லார்கிட்டயும் புதுப் படகு! சரி, காத்து ஏறுது, நான் பாயைச் சுருக்கணும். சுக்கானைப் பிடிங்க.

— நானா?

— லேசா, லேசா! இறுக்காதீங்க. அவளுக்கே வழி தெரியும்.

— அக்கா... அக்கா, நேராப் போகுது! நான் ஓட்டுறேன்!

— ஓட்டுறீங்களே! குமட்டல் எங்க போச்சு?

— மறந்தே போச்சு! அதோ பாருங்க, தீவு சர்ச் கோபுரம்! நாலு மணிக்குத்தானே கல்யாணம், இன்னும் நாலாகலை. இருங்க, இறங்கினதும் முதல் வேலையா அந்த மணப்பொண்ணைக் கூப்பிட்டுச் சொல்றேன். இந்த அக்கா உயிரைப் பணயம் வச்சு வரலைன்னா, உனக்கு இன்னிக்குக் கல்யாணமே இல்லைன்னு.

— இப்பவே சொல்லிடுங்க பாஸ்டர். இந்த மழைக்கோட்டுக்குள்ள போட்டிருக்கிறது என் கல்யாண உடுப்புதான்.