இதே பெயர் முன்னால் வந்திருந்தால்

எங்கள் ஊரில் காமாட்சி என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என் தங்கைக்கும் அதே பெயர்தான், சார்.

2003இல் பி.எஸ்சி. முடித்ததும், குழந்தைகளுக்கு இலவசமாக இதய ஆபரேஷன் செய்துவைக்கும் ஓர் அறக்கட்டளையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் ஊராக நடந்த முகாம்களின் பதிவுகள் எக்ஸ்எம்எல் என்ற வகைக் கணினிக் கோப்புகளாக வரும். ஒரே குழந்தையை இரண்டு முகாம்களுக்குத் தூக்கிவருவார்கள். இரட்டைப் பதிவுகளில் ஒன்றை மட்டும் எடுக்கும் நிரலை நான் எழுத வேண்டும்.

பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து ஒப்பிடச் சொல்லியிருந்தார்கள். நான் பெயரை மட்டும் ஒப்பிட்டேன். இதே பெயர் முன்னால் வந்திருந்தால் விட்டுவிடு. ஒரே வரி. எங்கள் ஊரான காஞ்சிபுரத்தின் கோப்பை முதலில் வைத்தேன், பக்கத்துக் கிராமமான தாமலின் கோப்பை அடுத்து.

பக்கத்து மேஜை ஜீனத் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாப்பா, நம்ம ஊர்ல போய் பேரை வெச்சுப் பிரிக்கிற? பொண்ணுங்க எல்லாம் ஒண்ணாயிடுவாங்க."

மற்ற பெயர்களில் விடுபட்டவர்களை அன்றே ஒவ்வொருவராகச் சேர்த்துவிட்டேன். நான் கவனக்குறைவானவள் அல்ல.

நோயின் தீவிரத்தின்படி, அந்த மாத ஆபரேஷன்களில் கடைசி இடம் தாமல் காமாட்சிக்கு வர வேண்டியது. அவளுக்கு அடுத்தவள் என் தங்கை. நாலு படி ஏறினால் தங்கையின் உதடு நீலமாகிவிடும்.

தாமலிலிருந்து பொன்னியம்மாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "படிக்கத் தெரியாதும்மா. எங்க காமாட்சி பேரு இருக்குதா, பாரேன்."

காமாட்சி என்ற பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலில் இருந்தது. "இருக்குது" என்றேன்.

அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வண்டி வந்து இட்டுக்கினு போவாங்களாமே?"

"வருவாங்கம்மா. வீட்லயே இருங்க."

"அக்கா, ஜன்னல் பக்கம் படுக்க வெப்பாங்களா?" என்று இடுப்பிலிருந்த மகள் கேட்டாள். வைப்பார்கள் என்றேன்.

பெயர் வந்துவிட்டதே என்று அவர்கள் வேறு ஆஸ்பத்திரி தேடவில்லை. வண்டிக்காகக் காத்திருந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் அந்தச் சிறுமி இறந்துபோனாள்.

என் தங்கைக்கு ஜன்னல் பக்கம்தான் கட்டில் கிடைத்தது. இப்போது மாடிப்படியில் ஓடுகிறாள்.

நான் யாரையும் நீக்கவில்லை, சார். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை வைத்துக்கொள்வதுதான் அந்த வரியின் வேலை.

தங்கையை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாப்பா என்றால் போதும், அவள் மட்டும் வருகிறாள்.