ஒரே எண்ணில் இரண்டு பேர்

பீப்... பீப்... பீப்!

ஞாயிறு, உச்சிப் பகல் பன்னிரண்டே கால். ஈ காக்கை இல்லாத சாலை. பைக்கை ஓரங்கட்டிப் போனை எடுத்தான் என் மச்சினனின் கூட்டாளி. இன்ஜினியர் என்றால்தான் ஆபீசில் அவனைத் தெரியும். கிட்டே வந்து உட்காருங்கள்... சொல்கிறேன்.

கிளவுடில் வாடகைக்கு விட்ட கம்ப்யூட்டர்களை ஒரே திரையில் மேய்க்கும் சாஃப்ட்வேர் அவன் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண். கூட வேலை பார்க்கும் தாடி, அவசரத்தில் எதையாவது நகல் எடுப்பான். பழைய எண்ணும் நகலில் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்; ஒரே எண்ணில் இரண்டு ஆகிவிடும். அதற்கு இன்ஜினியர் ஒரு விதி எழுதியிருந்தான். பழையது இருக்கும், புதியது அழியும். எது பழையது என்று தாடி பார்த்துச் சொல்ல வேண்டும்.

போனில் தாடிதான்.

"மாப்ளே, மறுபடியும் ரெட்டை எண். ஓடி வா."

"பொண்ணுக்குப் பிறந்தநாள்டா. ஞாயித்துக்கிழமைகூட விடாம வர்றேன், வருஷத்துக்கே இது ஒரு லீவு!"

"பத்து நிமிஷம். கேக் வெட்டறதுக்குள்ள போயிடுவே."

போனான். கதவில் கார்டை வைத்தான். டிக்... சிவப்பு விளக்கு. 'இவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.'

கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். காலி ஹால். நனைந்த சுவரின் வாடை. டக்... டக்... டக்... கீபோர்டு சத்தம். அவன் நாற்காலியில் யாரோ. முதுகு மட்டும் தெரிந்தது. அதே நீலச் சட்டை. காலரில், காலையில் மனைவி வெள்ளை நூலில் போட்ட அதே தையல்...

பக்கத்தில் தாடி. எதிரே திரையில் இரண்டு வரி. ஒரே எண். இரண்டிலும் இன்ஜினியரின் போட்டோ.

கண்ணாடியில் ஓங்கி அறைந்தான்.

"தாடி! அது நான் இல்லடா! பத்து வருஷமா ஒரே டிபன் பாக்ஸ்ல தின்னிருக்கோம். நான் யாருன்னு சொல்லுடா!"

தாடி திரும்பவில்லை. அவன் விரல் மட்டும் அசைந்தது. கிளிக்.

கையிலிருந்த கார்டில் இன்ஜினியரின் முகம் மங்கியது. போனில் மகளின் படம்... வெள்ளையாகிப் போனது. வீட்டு நம்பரைத் தேடினான். இல்லை.

அப்போதுதான் தாடி எழுந்து வந்தான். கண்ணாடியில் வாயை வைத்து, மெல்லச் சொன்னான்.

"பழசு நீதான்னு எனக்குத் தெரியும் மாப்ளே... ஆனா அவன் லீவே கேக்க மாட்டேங்கறானே."