கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பின்தங்கும் மாணவர்களிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மனநல ஆலோசனை முதுகலைப் படிப்பில் தடுமாறுகிறவர்களைக் கைதூக்கி விடுவதுதான் பதினெட்டு வருடமாக என் பொறுப்பு.

நீங்கள் விசாரிக்கும் அந்த மாணவியை உடன்படிப்பவர்கள் 'அழுமூஞ்சி' என்பார்கள். எதிரே இருப்பவர் கலங்கினால் இவளுக்கும் கண் நிறைந்துவிடும். வாரம் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஆறு மாதமாகியும் மாறவில்லை. இந்தத் தொழிலுக்கு இவள் சரிப்பட மாட்டாள் என்று துறைத்தலைவியிடம் சொன்னேன்.

"எழுத்துல ஆதாரம் இல்லாம யாரையும் அனுப்ப முடியாது சார்" என்றார் அவர்.

ஆகவே எனக்கு ஆதாரம் தேவைப்பட்டது.

எங்கள் ஆலோசனை மையத்துக்கு ஒரு பேருந்து ஓட்டுநர் வந்திருந்தார். அவர் வண்டியில் அடிபட்டு ஒரு குழந்தை இறந்திருந்தது. 'அனுபவசாலிகள் மட்டும் பார்க்கவும்' என்று அவர் கோப்பில் குறிப்பு எழுதி வைத்தவன் நான்தான். அந்தத் தாளை உருவிவிட்டுக் கோப்பை அவளிடம் கொடுத்தேன்.

நான்காம் வாரம், அவர்கள் இருவரும் உள்ளே பேச, அங்கிருந்து என்னைப் பார்க்க முடியாத ஒருவழிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குறிப்பேட்டோடு இருந்தேன். ஓட்டுநர் நிதானமாகச் சொன்னார்: "வீட்டுச் சாவியத் தங்கச்சிகிட்ட குடுத்துட்டேம்மா. இனிமே எனக்குத் தேவைப்படாது."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மேசைக்கு அடியிலிருந்த அழைப்புப் பொத்தானை அழுத்தினாள். என் பக்கம் விளக்கு எரிந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். சற்றுப் பொறுத்து அவளே கேட்டாள்: "அண்ணா, செத்துடணும்னு தோணுதா?"

அவர் தலையசைத்தார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கேட்ட விதமும் சரி. அதை மட்டும் நான் எழுதவில்லை.

வெளியே ஓடிவந்தாள். "சார், அவரத் தனியா விடக் கூடாது. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. ஒரு நிமிஷம் வாங்க சார்."

"நீயே சமாளிம்மா. நான் வந்தா உன்னை எப்படி மதிப்பிடறது?"

என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களை மெல்ல விலக்கிவிட்டேன். அவள் திரும்பிப் போனபோது நாற்காலி காலி. ஜன்னல் வழியே அவர் சாலையைக் கடப்பதைப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

அன்று மாலையே அவர் இறந்துபோனார்.

என் அறிக்கை பதினோரு பக்கம். விசாரணைக் குழு முன்னால் அவள், "என்னாலதான், என்னாலதான்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

நீங்கள் கேட்டதால் மறைக்காமல் சொல்லிவிட்டேன். தாளை உருவியதும் நான், விளக்கு எரிந்தும் எழாமல் இருந்ததும் நான். ஆனால் அவளைப் படிப்பை விட்டு நீக்கவைத்து, அவளிடமிருந்து எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறேன், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.