மூணு நகத்தடம்

அக்கா: வேற எடுத்துக் கொடு தம்பி. இந்த ரப்பர் வளையத்துல யாரோ ஏற்கெனவே நகம் வச்சுப் பார்த்திருக்காங்க. ஒண்ணு, ரெண்டு… மூணு தடம்.

கடைக்காரர்: குட்டி அளவுக்கு இது ஒண்ணுதாங்க்கா இருக்கு.

அக்கா: யாரு நகமோ என்னமோ… கழுவினியா?

கடைக்காரர்: கழுவாம விப்பேனா? நாய் கடிக்கப்போற சாமானுக்கு ரொம்பத்தான் பார்க்கறீங்க.

அக்கா: ரெண்டு மாசக் குட்டிப்பா அது. பக்கத்து வீட்டு நர்ஸ் புதுசா கொண்டுவந்திருக்கா. பால்பல்லு, அரிசி மாதிரி. நகத்தை அழுத்தினா தடம் விழணும். விழலேன்னா பல்லு தெறிச்சுடும்.

கடைக்காரர்: அப்போ இந்தக் கொம்புத் துண்டு?

அக்கா: கல்லு மாதிரி இருக்கு. நீயே வச்சுக் கடி.

கடைக்காரர்: கயிறு முடிச்சு?

அக்கா: நூல் நூலாப் பிரியும். முழுங்கினா குடல்ல சுத்திக்கும்.

கடைக்காரர்: தோல் சுருள் இருக்கே…

அக்கா: ஊறி வழவழன்னு ஆகி தொண்டையை அடைக்கும். வாயைவிடப் பெரிசா இருக்கணும், கொஞ்சம் வளையணும், கூடவே ஒரு ஆள் உக்காந்து பார்த்துக்கணும். என்ன சிரிக்கறே?

கடைக்காரர்: டாக்டர் கெட்டாரு போங்க! போன வருஷம் நாய் பிஸ்கட்டை உங்க வீட்டுக்காரருக்கு வாங்கிட்டுப் போகப் பார்த்தீங்களே, அந்த அக்காவா இது?

அக்கா: கத்துக்கிட்டேன்.

கடைக்காரர்: எப்போலேர்ந்து?

அக்கா: அந்த மொதக் குட்டி போனதிலேர்ந்துன்னு வச்சுக்கயேன். பாவம்… பஞ்சு உருண்டை. நர்ஸ் டியூட்டிக்குப் போனதும் பின்பக்கச் சுவத்துக்கிட்ட வந்து நின்னு என்னைப் பார்த்து வாலாட்டும்.

கடைக்காரர்: அது என் கடை ரப்பர் தொண்டையில சிக்கித்தான் செத்துச்சுன்னு தெருவே பேசுச்சு.

அக்கா: சனங்களுக்கும் மெல்ல ஏதாவது வேணுமே.

கடைக்காரர்: மொதல்ல சொன்னது யாருன்னு தேடிப் போனேங்க்கா. தையல்கடையில கேட்டா சலூனைக் காட்டினாங்க. சலூன்ல கேட்டா உங்க மாடிப்படியைக் காட்டினாங்க.

அக்கா: நானா? நான் ‘இருக்கலாம்’னுதானே சொன்னேன்…

கடைக்காரர்: அந்த ‘இருக்கலாம்’ல ரெண்டு மாசம் ஈ ஓட்டினேன்.

அக்கா: அதுக்குத்தானே இப்போ எல்லாம் உன்கிட்டயே வாங்கறேன்! விடுப்பா.

கடைக்காரர்: சரி, புதுக் குட்டி எப்படி இருக்கு?

அக்கா: எங்க பார்த்தேன்… கதவை ஒரு சாண் திறப்பா. ‘தேங்க்ஸ்க்கா’ம்பா. வாங்கிப்பா. மூடிப்பா.

கடைக்காரர்: உள்ள கூப்பிடலையா?

அக்கா: முன்னெல்லாம் டியூட்டி முடிஞ்சு நேரா என் சமையல்கட்டுக்குத்தான் வருவா. தரையில சப்பணம் போட்டு உக்காந்து, ‘இன்னும் ஒரு கரண்டிக்கா’ன்னு தட்டை நீட்டுவா. நான் பெத்தது ஒருநாளும் அப்படிக் கேட்டதில்ல.

கடைக்காரர்: இப்போ ஏன் வரலேன்னு கேட்டீங்களா?

அக்கா: வேலை ஜாஸ்தியாம்.

கடைக்காரர்: அக்கா… அந்த மொதக் குட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களே, தெரியுமா?

அக்கா: எந்த… எந்த எக்ஸ்ரே?

கடைக்காரர்: அந்தப் பொண்ணு நேரா இங்கதான் கொண்டுவந்து காட்டுச்சு. ரப்பருமில்ல, வளையமுமில்ல. வயித்துக்குள்ள ஊசி ஊசியா… கோழி எலும்பு. வேகவச்சதுன்னு டாக்டர் சொன்னாராம்.

அக்கா: அவ வீட்டுல முட்டைகூட வேகாதே!

கடைக்காரர்: அதையேதான் அந்தப் பொண்ணும் சொல்லுச்சு.

அக்கா: அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு தம்பி.

கடைக்காரர்: தண்ணி குடிக்கறீங்களா?

அக்கா: பிஞ்சுப் பல்லாச்சேன்னு… குக்கர்ல அஞ்சு விசில் விட்டேன் தம்பி. எங்களுக்கு மூணுதான். அதுக்குன்னு தனியா அஞ்சு. பஞ்சாட்டம் ஆகட்டும்னு. சுவத்து மேல கையை நீட்டினா, என் விரலையும் சேர்த்து நக்கித் தின்னுச்சு. வெந்த எலும்புதான் ஊசியா உடையும்னு எனக்கு யாரு சொன்னா?

கடைக்காரர்: என்னைக் கேட்டிருக்கலாம்.

அக்கா: நாய்க்கு எலும்பு போடறதுக்குப் படிச்சுட்டு வரணுமா என்ன!

கடைக்காரர்: சரி, அப்புறமாவது அவகிட்ட சொல்லியிருக்கலாம். என் தலையில கட்டாம.

அக்கா: சொன்னா கதவை மூடிடுவாளேப்பா.

கடைக்காரர்: இப்போ மட்டும் திறந்தா கிடக்கு?

அக்கா: குத்தாதே. நீயும் வாயைத் திறந்துடாதே. இதைக் கட்டிக் கொடு. போன தடவை மாதிரியே சிவப்பு ரிப்பன்.

கடைக்காரர்: எத்தனாவதுக்கா இது?

அக்கா: நாலு. மூணு வளையம் போயிருக்கு, குட்டி எதையாவது கடிக்காமலா இருக்கும்? ‘அக்கா, உங்க வளையத்தை என்ன பாடு படுத்துது, வந்து பாருங்க’ன்னு ஒருநாள் அவளே கூப்பிடுவா பாரு.

கடைக்காரர்: அந்த நகத்தடத்து மேல உங்க கட்டைவிரலை வச்சுப் பாருங்கக்கா, பொருந்தும். மூணும் உங்களோடதுதான். ஒவ்வொரு தடவையும் மறுநாளே இதே வளையத்தை, கட்டின ரிப்பன் கட்டினபடியே, இந்த மேசையில வச்சுட்டுப் போயிடுது அந்தப் பொண்ணு.