வேன் சாவியை நான்தான் பிடுங்கினேன்

ரமாபாய், வயது 36, க/பெ டில்லிபாபு, வியாசர்பாடி, சென்னை என்பவர், யார்டு சூப்பர்வைசர் கொடுத்த புகாரின் பேரில் 18.06.2025 அன்று காவல் நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து, திருவொற்றியூர் அருகே தனியார் கன்டெய்னர் யார்டில் துப்புரவு வேலை செய்து வருகிறேன். அதற்கு முன் நான்கு வருடம் மருத்துவமனை ஒன்றில் தலைக்காய வார்டில் வேலை பார்த்தேன். யார்டில் என்னுடன் வேலை செய்யும் ஜெயவேல் 09.06.2025 திங்கட்கிழமை கன்டெய்னர் மேலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ரத்தம் வராததால் சூப்பர்வைசர் மாசானம் அவரை மறுபடி வேலைக்கு அனுப்பினார். அதன் பிறகு தினமும் தலைவலி என்று சொல்லி வந்தார்.

14.06.2025 சனிக்கிழமை காலை 11 மணியளவில் ஜெயவேல் வலது காலை இழுத்துக்கொண்டு வந்து, என்னைத் தன் மனைவி என்று நினைத்து, "சொக்கம்மா, தல வெடிச்சிடும் போலகீது" என்றார். அதன் பிறகு வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தார். மாசானம், "காலையிலயே சரக்கு வுட்டுகினு வந்துகீறான், தூங்கினா தெளிஞ்சிடும்" என்றார். நான் வாயை மோந்து பார்த்தேன், சாராய வாடை இல்லை. என் விரலைப் பிடிக்கச் சொன்னதற்கு இடது கை பிடித்தது, வலது கை பிடிக்கவில்லை. இமையை விலக்கிப் பார்த்ததில் இடது கண்மணி மட்டும் பெரிதாக விரிந்திருந்தது. தலைக்குள் ரத்தம் தேங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவர் கொண்டுவந்த மாத்திரையையும் தண்ணீரையும் தட்டிவிட்டேன். 108க்குப் போன் செய்ததில், எண்ணூர் சாலையில் லாரிகள் நிற்பதால் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். மாசானம் ஆபீஸ் வேனைத் தர மறுத்தார். "வேலையில வுழுந்தான்னு ஆஸ்பத்திரில சொன்னா உன் வேலை காலி" என்றார். நான், "இன்னா வேணா பண்ணிக்கோ" என்று அவரைத் தள்ளிவிட்டுச் சாவியைப் பிடுங்கினேன். டிரைவர் காஜா மொய்தீன் நான் சொன்னதால்தான் ஓட்டினார், அவர் மேல் குற்றமில்லை.

மருத்துவமனையில், வேலையில் விழுந்தார் என்றே எழுதச் சொன்னேன். ஸ்கேன் எடுத்து, அன்று மதியமே மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றினார்கள். தூங்க விட்டிருந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் சொன்னார். நேற்று ஜெயவேல் என்னைச் சரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வலது கைக்கு இன்னும் பலம் வரவில்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "பதற்றத்தில் பிடுங்கினேன்" என்று எழுதியிருந்ததில் முதல் சொல்லை அடிக்கச் சொன்னேன், அடிக்கப்பட்டது. நான் பதறவில்லை. தெரிந்துதான் செய்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்) ரமாபாய்