மூன்றாம் ஓலை

– கெதியா நட. திரும்பிப் பாக்காதை. கோயில் வாசலிலை நிக்கிற சனம் முழுக்க எங்களைத்தான் பாக்குது.

– பாக்கட்டும் அம்மா. நெஞ்சு எப்பிடி அடிக்குது எண்டு தொட்டுப் பாருங்கோவன். பயத்திலை இல்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒழுங்கா மூச்சு விடுறன்.

– நீ மூச்சு விட்டாய், எனக்கு மூச்சு நிண்டு போச்சுது. மக்டலீன்ரை மகள் டிலக்ஷி பூசைக்குள்ளை எழும்பி நிண்டு தன்ரை கலியாணத்தைத் தானே குழப்பிப்போட்டாள் எண்டு இப்ப பாசையூர் வரைக்கும் கதை போயிருக்கும்.

– குழப்பேல்லை. உள்ளதைச் சொன்னனான்.

– எனக்கு அம்பத்தெட்டு வயது. இந்தக் கோயிலிலை எத்தினை கலியாண ஓலை வாசிக்கக் கேட்டிருப்பன். ஒருத்தர், ஒரேயொருத்தர் எழும்பினதில்லை. அது வாசிக்கிறதுக்கெண்டு வாசிக்கிறது பிள்ளை.

– பேந்து ஏன் கேக்கினம்? 'இத்திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கவும்.' மூண்டு ஞாயிறு கேக்கினம். முதல் ஞாயிறு நீங்கள் என்ரை துடையிலை கிள்ளினியள். ரெண்டாம் ஞாயிறு கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். இண்டைக்கு உங்கடை ரெண்டு கையும் செபமாலையிலை இருந்தது.

– அப்ப செபமாலை சொன்னதுதான் என்ரை பிழை. அறிவிக்கிறதெண்டா பூசை முடிஞ்சு ஃபாதரின்ரை அறைக்குப் போய்ச் சொல்லுறது. வாசிச்சுக்கொண்டு நிக்கேக்கை நடுக்கோயிலிலை எழும்பிறதில்லை.

– அது எழும்பின பிறகுதான் விளங்கினது. முதல் கால் எழும்பிட்டுது, மூளை பின்னாலை வந்தது. வந்து பாத்தால் எல்லாரும் என்னைப் பாக்கினம். இனி இருந்தாலும் வெக்கம், கதைச்சாலும் வெக்கம். கதைச்சிட்டு இருப்பம் எண்டு நினைச்சன்.

– என்ன வடிவாக் கதைச்சாய். 'ஃபாதர், தடை எண்டில்லை, எனக்கு ஏ.டி.எச்.டி, மனநலக் கிளினிக்குக்குப் போறனான், குளிசை போடுறனான், இது ஜெனிஸுக்குத் தெரியாது.' ஒலிபெருக்கி தேவைப்படேல்லை உனக்கு. கடைசி வாங்கிலை காது கேளாத அடைக்கலநாதன் அண்ணை இருந்தவர், அவருக்கே கேட்டிருக்கு.

– 'தெரியாமல் அவர் தாலி கட்டக் கூடாது' எண்டும் சொன்னனான். அதை விட்டிட்டியள்.

– பொறு. உன்ரை செருப்பு எங்கை?

– ஐயோ. கோயில் வாசலிலை.

– இந்த மாதத்திலை மூண்டாவது சோடி. மாதாவே, கல்லு குத்திறதும் தெரியாமல் நடந்து வாறாள்.

– இப்பதான் குத்துது. நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்.

– போனாய் எண்டால் காலை முறிப்பன். வீட்டுக்குள்ளை போ. கேற்றைச் சாத்து. யன்னலையும் சாத்து, குணலட்சுமி அக்கா வேலியாலை எட்டிப் பாக்கிறா.

– வணக்கம் அக்கா. ஓம், நான்தான் எழும்பினது. ஓம், பிறகு கதைப்பம்.

– எடியே, உனக்கு வாயைப் பூட்டவே தெரியாதோ.

– தெரியும் அம்மா. ஏழு மாதம் பூட்டி வைச்சிருந்தனான். குளிசையை நீங்கள் அரிசி வாளிக்குள்ளை தாட்டு வைச்சியள், நான் ஒவ்வொரு நாளும் காலமை அரிசிக்குள்ளை கை விட்டுத் தேடிப் போட்டனான். ஒரு சொல்லுச் சொன்னனானோ?

– ஆரும் வீட்டுக்கு வந்தால் கண்டிடுவினம் எண்டுதான் வைச்சனான். விசர்க் குளிசை எண்டு கதைப்பினம்.

– விசர்க் குளிசை இல்லை. மூக்குக்கண்ணாடி போடுற மாதிரி ஒரு குளிசை. நீங்கள் கண்ணாடியை அரிசி வாளிக்குள்ளையோ வைக்கிறனீங்கள்?

– கண்ணாடி போட்டால் பிள்ளை பிறக்கும். உந்தக் குளிசை போட்டால் பிறக்காதாம்.

– ஆர் சொன்னது?

– குணலட்சுமி அக்கா.

– அவ கோவிட் ஊசி போட்டால் உடம்பிலை காந்தம் ஒட்டும் எண்டும் சொன்னவ. நீங்கள் குசினிக்குள்ளை நிண்டு தோளிலை கரண்டியை ஒட்டிப் பாத்தனீங்கள். நான் கண்டனான்.

– அது சும்மா பாத்தது.

– கரண்டி விழுந்தது. இதுவும் விழும். பிள்ளை வேணுமெண்டால் முதலே வந்து சொல்லு, அதுக்கேத்த மாதிரிப் பாப்பம் எண்டு டொக்டர் சொன்னவ. நான் துருவித் துருவிக் கேட்டனான். நான் எவ்வளவு கேள்வி கேப்பன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, கடைசியிலை அவ மணிக்கூட்டைப் பாக்கத் தொடங்கிட்டா.

– உது சின்னப் பொடியளுக்கு வாற வருத்தமெண்டு சொல்லுகினம். கதிரையிலை இருக்காமல் ஓடித் திரியிற பொடியள். நீ இருபத்தெட்டு வயதுப் பொம்பிளை. உனக்கெங்கத்தையான் ஏ.டி.எச்.டி?

– எனக்கு ஓட்டம் முழுக்கத் தலைக்குள்ளை அம்மா. அதாலைதான் ஒருத்தரும் காணேல்லை. முன்பள்ளி ரீச்சர்மார் எங்களுக்கு ஒரு வகுப்பு வைச்சவை எல்லோ, அதிலை டொக்டர் ஒரு பட்டியல் வாசிச்சவ. சாமானைத் துலைக்கும், தொடங்கினதை முடிக்காது, ஆள் கதைச்சு முடியமுதல் குறுக்கை விழும். பிள்ளையளுக்கெண்டு வாசிக்கிறா, நான் இவவுக்கு என்னைப் பற்றி ஆர் சொன்னது எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். வெளியாலை வந்து மாமரத்துக்குக் கீழை நிண்டு அழுதனான். பள்ளிக்கூடத்திலை பன்ரெண்டு வருசம் சோம்பேறி எண்டு அடி வாங்கினனான் அம்மா. நான் சோம்பேறி இல்லை.

– நான் உன்னைச் சோம்பேறி எண்டு சொல்லேல்லை.

– சொன்னனீங்கள். பானை கருகின ஒவ்வொரு நாளும் சொன்னனீங்கள்.

– பானை கருகினால் வேறை என்னத்தைச் சொல்லுறது? சரி, விடு. நீ அந்தப் பொடியனுக்குத் தனியாச் சொல்லியிருக்கலாமே. ஊரைக் கூட்டி ஏன் சொன்னனி?

– சொல்ல விட்டியளோ? அப்பாவின்ரை படத்திலை கை வைச்சுச் சத்தியம் வாங்கினனீங்கள். அவரோடை போனிலை கதைச்சால் பக்கத்திலை இருந்து வெங்காயம் உரிச்சனீங்கள். களவாச் சொல்லுவமெண்டு மூண்டு தரம் மெசேஜ் எழுதத் தொடங்கினனான். ஒருக்கா எழுதேக்கை பூனை விளைமீனைத் தூக்கிக்கொண்டு ஓடிட்டுது, நான் பூனைக்குப் பின்னாலை ஓடினனான். நாலு நாள் கழிச்சுப் பாக்கிறன், 'ஜெனிஸ், நான் உங்களுக்கு ஒரு முக்கியமான' எண்டு அரைவாசியிலை நிக்குது.

– சிரிக்காதை. எனக்குச் சிரிப்பு வரேல்லை.

– வருது. வாய் கோணுது.

– அது அழுகை.

– சரி, சிரிக்கேல்லை.

– இன்னும் பத்து நாள்தான் கிடந்தது டிலக்ஷி. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு, கூறைச் சீலை எடுத்தாச்சு. எவ்வளவு நல்ல சம்பந்தம். ஒளிவு மறைவில்லாத சனம். நிச்சயத்துக்குச் சாப்பிட வந்த அண்டைக்கு நீ நண்டுக்கறிக் கையைக் கழுவிப்போட்டு எல்லாருக்கும் முன்னாலை, காலமை மறந்த குளிசையைப் போட்டாய். வயித்தெரிவு, கஸ்ரிக் எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

– எனக்குக் கஸ்ரிக் இல்லை.

– ஆனால் ஜெசிதா அக்கா, மாப்பிள்ளையின்ரை தாய், என்ன சொன்னவ தெரியுமோ? 'எங்கடை ஜெனிஸும் பிரஷருக்கு ராவிலை ஒரு குளிசை போடுறவன்' எண்டு தானாச் சொன்னவ. நான் கேக்கவே இல்லை. முப்பத்தொரு வயதிலை பிரஷர் எண்டால் ஆரும் மறைப்பினம். அவை மறைக்கேல்லை.

– அதைத்தான் நானும் சொல்லுறன். அவை உள்ளதைச் சொல்லிச்சினம். நாங்கள் கஸ்ரிக் எண்டு பொய் சொன்னனாங்கள். அண்டையிலையிருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை.

– ஜெனிஸின்ரை தமையன் கடலோடை போன பிறகு அந்த முழுக் குடும்பத்தையும் அவர்தானே தாங்கிறார். பிரஷர் வராமல் என்ன செய்யும்? தங்கமான பொடியன். நீ கதைக்கக் கதைக்க அவற்றை முகம் வெளிறிக்கொண்டு வந்தது. நீ இருக்க முதல் அவர் எழும்பிப் பக்கக் கதவாலை போனவர். கண்டனியோ?

– கண்டனான்.

– பேந்து?

– பேந்து என்ன. அவர் வேண்டாமெண்டால் வேண்டாம். அழுவன். மூண்டு மாதம் அழுவன். எனக்கு அவரைச் சரியான விருப்பம் அம்மா, அதாலைதான் எழும்பினனான். ஒவ்வொரு நாளும் அரிசி வாளிக்குள்ளை கை விட்டுக்கொண்டு ஒரு மனிசனோடை குடும்பம் நடத்த என்னாலை ஏலாது.

– உனக்கு என்ரை அக்காவைத் தெரியாது.

– பெரியம்மாவையோ?

– பின் அறையிலை வைச்சுப் பூட்டினது. ஊரே விசரி எண்டது. அவளாலை எனக்கு முப்பது வயது வரைக்கும் ஒருத்தரும் எங்கடை வாசல்படி மிதிக்கேல்லை. உன்ரை கொப்பர் ஒருத்தர்தான் வந்தது. என்ரை பிள்ளைக்கு அது வரக்கூடாது எண்டுதானடி எல்லாத்தையும் மூடி மூடி வைச்சனான்.

– பெரியம்மாவை டொக்டரிட்டைக் காட்டினவையோ?

– நூல் கட்டினம். ஓதிவிச்சம். கோயிலுக்கு நேர்த்தி வைச்சம்.

– டொக்டரிட்டை?

– இல்லை. ஒருக்காவும் காட்டேல்லை.

– அம்மா, இஞ்சை வாங்கோ. அழாதேங்கோ.

– உன்ரை போன் ஏன் இப்பிடித் துடிக்குது? அவைதான். கலியாணம் வேண்டாமெண்டு அறிவிக்கினம்.

– நிண்டுகொள்ளுங்கோ, பாக்கிறன். இது முன்பள்ளிக்கு வாற அபிஷாவின்ரை தாய்.

– போச்சு. இனி உன்னட்டைப் பிள்ளையை விடமாட்டினமாம்.

– இல்லை அம்மா, கேளுங்கோவன். 'ரீச்சர், எங்கடை மூத்தவனும் நீங்கள் சொன்ன மாதிரித்தான். கிளினிக் எந்த நாள்? மனிசனுக்குத் தெரியாமல் கேக்கிறன்.' இன்னொண்டு, இது ஸ்ரெல்லா அக்கா. கோயில் பாடகர் குழுவிலை முன்னுக்கு நிண்டு பாடுற ஸ்ரெல்லா அக்கா. 'நீ கதைச்சது எனக்கும் சேத்துத்தான் தங்கச்சி. கிளினிக்குக்குப் போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போ.'

– ஸ்ரெல்லாவோ? அவளுக்கென்ன?

– சொல்லேல்லை. அதை அவதான் சொல்ல வேணும். அம்மா, நான் பறக்கிற மாதிரி இருக்கு.

– பறக்காதை. மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்குதோ?

– ஓம். எங்கடை வாசலிலைதான் நிக்குது.

– மாதாவே, ஜெனிஸ் தம்பி. கையிலை பை. கூறையைத் திருப்பிக் கேக்க வந்திட்டார், தங்கடை பை ஒண்டும் கொண்டு வந்திருக்கிறார். நீ உள்ளுக்கை போ. நான் காலிலை விழுந்தெண்டாலும் கதைக்கிறன்.

– ஒருத்தற்றை காலிலையும் நீங்கள் விழவேண்டாம். வாங்கோ ஜெனிஸ்.

– மாமி.

– வாங்கோ தம்பி, இருங்கோ. தண்ணி கொண்டு வரட்டோ? சின்னப் பிள்ளைப் புத்தியிலை கதைச்சிட்டாள் தம்பி. மனசிலை வைச்சிருக்காதேங்கோ.

– இருக்கேல்லை மாமி. அலுவல் கிடக்கு. டிலக்ஷி, இந்தாரும் உம்மடை செருப்பு.

– பைக்குள்ளை இருந்தது செருப்போ?

– ஓம். குடையும் கிடக்கு. போன ஞாயிறு விட்டதாம்.

– நான் அதைத் தேடினனான். ஜெனிஸ், நான் உங்களிட்டைத் தனியாச் சொல்லியிருக்க வேணும். அப்பிடிச் சொன்னது பிழை. சொன்ன விசயம் பிழையில்லை.

– பிழையில்லை.

– தம்பி, நீங்கள் பக்கக் கதவாலை வெளிக்கிட்டுப் போனியளே.

– ஃபாதரின்ரை அறை வாசலிலை போய் நிண்டனான் மாமி. பூசை முடிய அவர் வந்தவர். ஓலை அரைவாசியிலை நிண்டிட்டுது, அது கணக்கிலை வராது, திருப்பி வாசிக்க வேணுமாம். வாற ஞாயிறு எண்டவர். நான் இண்டைக்குப் பின்னேரப் பூசையிலையே வாசியுங்கோ எண்டு கேட்டனான். ஓமெண்டிட்டார்.

– அப்ப கலியாணம்?

– பத்து நாளிலை. சொன்ன திகதியிலை.

– அம்மாவுக்குக் கோவம் இல்லையோ தம்பி?

– அம்மா பின்னேரம் உடுக்கிற சீலையை அயன் பண்ணுறா. கொஞ்ச நேரம் அழுதவ. இவவிலை கோவத்திலை இல்லை.

– டிலக்ஷி, அழாமல் செருப்பைப் போடு. இடம் வலம் மாறிப் போடுறாய். தம்பி, நான் உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்ல. கஸ்ரிக் எண்டு உங்களிட்டைப் பொய் சொன்னது நான். என்ரை பிள்ளையில்லை.

– விடுங்கோ மாமி. நான் அதுக்கு வரேல்லை. பின்னேரம் ரெண்டு பேரும் முன் வாங்கிலை வந்து இருக்க வேணும். சொல்லத்தான் வந்தனான்.

– முன் வாங்கிலையோ? இண்டைக்கோ? சனத்தின்ரை முகத்திலை எப்பிடித் தம்பி முழிக்கிறது?

– அஞ்சரைக்குப் பூசை. ஃபாதர் 'தடை தெரிந்தவர்கள்' எண்டு வாசிக்கேக்கை நான் எழும்பப் போறன். எழும்பேக்கை எனக்கு ஆரும் பக்கத்திலை வேணும்.

– ஜெனிஸ், நீங்களோ?

– நீர் மூண்டாம் ஞாயிறெண்டாலும் எழும்பினீர். மூண்டு ஞாயிறும் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தது நான்தான்.

– நீங்கள் ஏன் தம்பி எழும்ப வேணும்? ஒளிவு மறைவில்லாத சனம் நீங்கள். உங்களிட்டை என்ன கிடக்கு சொல்ல?

– மாமி, ராவிலை குளிசை போடுறது உண்மை. ஆனால் எனக்கு ஒருநாளும் பிரஷர் இருந்ததில்லை.