கலிலேயாவில் ஜிலேபி மீன்

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மீன்கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். பெரியவள் போன வாரம்தான் புனித நாடு பார்த்துத் திரும்பியிருந்தாள்.

“கலிலேயா கடல் எப்டிக்கா கீது?”

“கடலா? ஏரிடீ அது. வாயில ஊத்திப் பாத்தேன், உப்பே இல்ல.”

“மீனு?”

“ஆண்டவரோட சீடரு இராயப்பர் புடிச்ச மீனுன்னு சொல்லி முழுசா பொரிச்சு வெச்சாங்க. கைப்பழக்கத்துல செவுள தூக்கிப் பாத்தேன். நம்ம ஏரி ஜிலேபி!”

“ஐயோ, அத நீ கூடையிலயே சேக்க மாட்டியே!”

“எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்றாங்க. நான் மட்டும் அத்தயே பாத்துக்கினு கீறேன்.”

“அப்பால?”

“ஆண்டவர் ஒரு தபா கூப்ட்டதுமே இராயப்பர் இன்னாத்துக்கு வலைய அப்டியே போட்டுட்டுப் போனாருன்னு அப்பதாண்டி புரிஞ்சிது.”